கருப்பன், வெள்ளையன், என்ற ஊரு

அக்கா மகன் பத்து நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் படிக்கக் கொடுத்த புத்தகத்தில் நீலக் கலரில் ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்துவிட்டது. துணியில் அச்சடிக்கிற பிக்மென்ட் நீலம். எத்தனை சலவை பார்த்தாலும் போகக் கூடாது என்றுதான் அதைக் கலக்குகிறோம். காகிதம் என்பதற்காக அது இரக்கப்படுமா?

“மாமா, நீங்க வெச்சதுங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். யார் வைத்தது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அந்த ரேகையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் புத்தகத்தைச் சொல்லாமல் ரேகையைச் சொல்ல வழியில்லை.

புத்தகம் ஜப்பான்காரர் தையோ மட்சுமோட்டோ எழுதி வரைந்த காமிக்ஸ், ‘டெக்கோன் கின்க்ரீட்’. 1993, 94ல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து மூன்று பாகமாகப் போட்டது. அக்கா மகனிடம் இருப்பது மூன்றையும் சேர்த்துத் தைத்த ஆங்கிலப் பதிப்பு. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அந்தக் கனம். தெருவிலேயே வளரும் இரண்டு பையன்களின் கதை. குரோ, ஷிரோ என்று பெயர். ஜப்பான் மொழியில் கருப்பு, வெள்ளை. திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிற எங்கள் பிரிண்டிங் பட்டறைக்குள் புத்தகம் நுழைந்த அன்றைக்கே அவர்கள் கருப்பன், வெள்ளையன் ஆகிவிட்டார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

தலைப்புக்கு அர்த்தம் கேட்டேன். கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்கு அங்கே ‘டெக்கின் கான்குரீட்டோ’ என்று பெயர். சின்னப் பிள்ளை வாயில் அது முன்பின் மாறி உருண்டு இந்தத் தலைப்பாகியிருக்கிறது. நம் பிள்ளைகள் குதிரையைக் குருதை என்கிற மாதிரி. இது தெரிந்ததுமே எனக்குப் புத்தகம் பாதி பிடித்துப்போனது. ஊரெல்லாம் கம்பியும் சிமென்ட்டுமாக எழும்புகிறது. அதன் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராத வயசில் இரண்டு பேர் அதன் சந்துக்குள் படுத்துத் தூங்குகிறார்கள்.

கதையை நீட்டவில்லை. டகரா மாச்சி என்று ஊர், புதையல் ஊர் என்று பொருள். கருப்பன் கரண்ட் கம்பத்து உச்சியில் காக்காயாட்ட உட்கார்ந்து ஊரைப் பார்ப்பான். கையில் இரும்புக் குழாய் இருக்கும். பர்ஸ் அடிப்பான், மண்டையை உடைப்பான். வெள்ளையன் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிற பொடியன். தனியாகச் சட்டை போட்டுக்கொள்ளக்கூடத் தெரியாது. தன்னை இந்தப் பூமியின் காவல்வீரனாக நினைத்துக்கொண்டு, இன்றைக்கும் ஊர் அமைதியாக இருந்தது என்று யாருக்கோ தகவல் அனுப்புவான். ஊருக்குள் இரண்டு பேரையும் பூனைகள் என்பார்கள். அப்பா அம்மா யார், எந்த ஊர், ஏன் தெருவுக்கு வந்தார்கள், எதுவும் கிடையாது. அப்புறம் யகூசா ரௌடிகள் வருகிறார்கள். அவர்கள் பின்னால் பாம்பு என்று ஒருத்தன் வருகிறான். பழைய தெருக்களைத் துடைத்துவிட்டுக் குழந்தைகளுக்காக ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா கட்டுவது அவன் திட்டம். அதற்கு இடைஞ்சல் இந்த இரண்டு குழந்தைகள்.

போன மாசம் இரண்டு வாரம் ஆர்டர் இல்லாமல் டேபிள் காலியாகக் கிடந்தது. புத்தகம் எங்களில் நாலு பேர் கைக்குப் போனது அப்போதுதான்.

அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் முதலில் பார்த்தது 2006ல் வந்த அனிமேஷன் படத்தை. ஜப்பான் படம்தான், இயக்கியவர் மைக்கேல் அரியஸ் என்ற அமெரிக்கர். புத்தகத்தைவிடப் படம்தான் ஒசத்தி என்பது அவன் கட்சி. “கலர்ல அந்த ஊரைப் பாத்தீங்கன்னா உட்டுட்டு வர மாட்டீங்க மாமா.” அவனுக்கு முக்கியம் இட்டாச்சி. வெள்ளையனைப் பிரிந்த பிறகு கருப்பனுக்குள்ளிருந்தே எழுந்து வருகிற இருட்டு அது. அது எத்தனை பலம், கருப்பன் அதை எப்படித் தாண்டினான் என்று ஒரு மணி நேரம் பேசுவான். இவன் வயசுப் பிள்ளைகளுக்குக் கதையில் யார் யாரைவிட பலசாலி என்ற கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் கிரிக்கெட்டில் பார்த்த கணக்கை இவர்கள் இதில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஈரோட்டுப் பெரியவர் அடுத்தவர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் கடை முன்னால் நின்று பேசிப் பேசி எனக்குப் பழக்கமானவர். 1972ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோதே படிக்க ஆரம்பித்ததாகச் சொல்வார். வீட்டு அட்டாலி முழுக்க நாப்தலின் உருண்டை போட்ட காமிக்ஸ் மூட்டைதான். அவரிடம் கொடுத்த மூணாவது நாள் போன் வந்தது.

“ஏனுங்க, இதென்னங்க கோடெல்லாம் கோணலா இருக்குது? கட்டடமெல்லாம் குடிச்சுப்போட்டு நிக்கிற மாதிரி நிக்குது. ஹீரோன்னு ஒருத்தன் வேண்டாமுங்களா? அந்தப் பையன் திருடறான், கம்பியில அடிக்கிறான். கேட்கறதுக்கு ஆளே இல்ல. இருக்கற ஒரு போலீஸும் சிகரெட்டு பிடிச்சுக்கிட்டு வேடிக்க பாக்குது.”

சரி, இவருக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் மறுபடி போன். குரல் வேறு மாதிரி இருந்தது. எலி என்று பட்டப்பேர் வாங்கிய சுசுகி என்ற பழைய ரௌடி ஒருத்தர் கதையில் வருகிறார். அந்த ஊரை நேசிக்கிற ரௌடி. கிமுரா அவரிடம் தொழில் பழகினவன். பாம்பின் நெருக்குதலில் கடைசியில் சுசுகியைச் சுடுகிற வேலை கிமுராவுக்கே வருகிறது. “அந்த ரெண்டு பேரும் நிக்கிற பக்கத்த மூணு தரம் படிச்சனுங்க” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. சந்தா கட்டி ஐம்பது வருசம் காமிக்ஸ் படித்த மனுசன். “ஆனா பசங்கள எனக்குப் புடிக்கல” என்று சொல்லித்தான் போனை வைத்தார். அவருக்குப் பெரியவர்களின் கதை போதும்.

கோணல் கோடு பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. இருபத்தி ரெண்டு வருசமாக ஸ்கிரீன் போடுகிறவன் நான். டிசைனை பிலிமில் கருப்பாக எடுப்போம். மெஷ் இழுத்த சட்டத்தில் மருந்து தடவி இருட்டில் காயவைத்து, அதன் மேல் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கருப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீர் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து ஓட்டையாகும், அந்த ஓட்டை வழியாகத்தான் கலர் துணிக்கு இறங்கும். ஆக எங்கள் தொழிலில் கருப்பு என்பது மூடிக் கிடக்கிற இடம் இல்லை, கலர் போகிற வாசல். இந்தப் பழக்கத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கருப்பைத்தான் தேடும்.

மட்சுமோட்டோ கருப்பை அள்ளிக் கொட்டுகிறார். ராத்திரிக் காட்சிகளில் பாதிப் பக்கம் கருப்பு. மூலையில் ஒரு ஜன்னல், ஒரு பல், ஒரு சிரிப்பு மட்டும் வெள்ளை. கட்டடங்களை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரியே தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் தெரு வளைந்து மீன் கண்ணில் பார்க்கிற மாதிரி உப்பும். கீழிருந்து பார்த்தால் கம்பமும் போர்டும் தலை மேல் சாயும். கோணல் என்று பெரியவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பத்து வயசுப் பையன் உயரத்தில் இருந்து பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைத்தெருவைப் பார்த்தால் எப்படித் தெரியும்? போர்டெல்லாம் மேலே விழுகிற மாதிரிதான் தெரியும். நான் அந்த வயசில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அதனால் விழவில்லை.

என் வீட்டுக்காரி புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடித்தாள். முடித்ததும் கோபம். அவள் ஆறு வருசம் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பயிற்சி மையத்தில் டீச்சராக இருந்தவள். தறிக்கொட்டகையிலும் பனியன் கம்பெனியிலும் இருந்து மீட்டு வந்த பிள்ளைகளுக்கு அங்கே பாடம் சொல்லி, தயார் பண்ணி, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எங்கள் வீட்டுக் காலண்டரில் இன்னும் எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளையனுக்குக் கத்திக்குத்து விழுந்து, போலீஸ் அவனைப் பாதுகாப்பில் கொண்டு போகிற இடத்தில் அவளுக்கும் அக்கா மகனுக்கும் சண்டை வந்தது. அங்கே அவனுக்குச் சோறு இருக்கிறது, சுத்தமான துணி இருக்கிறது, படம் வரையத் தாள் இருக்கிறது. ஆனாலும் வாடுகிறான். இந்தப் பக்கம் கருப்பன் பித்துப் பிடித்துத் திரிகிறான்.

“அது அவங்க பாசம் அத்தை. தெருவுல இருந்தாத்தான் அவங்க அவங்களா இருக்க முடியும்” என்றான் இவன்.

“தெருவுல ஒரு ராத்திரி படுத்துப் பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு” என்றாள். “அந்தப் பையனுக்குச் சட்டை மாட்டி உட்டவன இங்க உட்டுப்போட்டு அவன மட்டும் தூக்கிட்டுப் போனா வாடாம என்ன பண்ணுவான்? ரெண்டு பேரையும் ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போயிருக்கோணும். இதுல தத்துவம் ஒண்ணும் இல்ல. வேல தெரியாதவங்க பண்ற வேல.” கொஞ்சம் நிறுத்தி, “நாங்களும் பண்ணியிருக்கறோம். அண்ணன ஒரு ஊருக்கும் தம்பிய ஒரு ஊருக்கும் அனுப்பியிருக்கறோம். ஹாஸ்டல்ல எடம் அப்படித்தான் கெடச்சுது” என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சண்டை அதோடு நின்றது.

அவளுக்குப் புத்தகம் பிடித்ததா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் அவளே கேட்டாள், ஜப்பானில் இப்படிப் பிள்ளைகள் நிஜமாகவே இருந்தார்களா என்று. இருந்தார்கள். குண்டு விழுந்து போர் முடிந்த பிறகு டோக்கியோவில் உவெனோ ரயில் நிலையத்தின் சுரங்க நடைபாதைகளில் கூட்டம் கூட்டமாகப் படுத்துக் கிடந்தார்கள். சிகரெட் துண்டு பொறுக்கினார்கள், ஷூ துடைத்தார்கள், திருடினார்கள். 1948ல் அந்த நாட்டு அரசாங்கம் எடுத்த கணக்கில் அநாதைப் பிள்ளைகள் 1,23,511 பேர். ஹிரோஷிமாவில் ஆறு வயசில் அணுகுண்டிலிருந்து தப்பித்த கெய்ஜி நகசாவா 1973ல் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’ தொடரில் இந்தப் பிள்ளைகள் கும்பலாக வருவார்கள். அங்கே பசிக்குக் காரணம் தெரியும், யாரைத் திட்டுவது என்றும் தெரியும். மட்சுமோட்டோவின் பையன்கள் காசு கொழிக்கிற காலத்துப் பையன்கள். யாரைத் திட்டுவது என்று புத்தகம் சொல்வதில்லை. அதுதான் வாசகர்களைப் படுத்துகிறது என்று நினைக்கிறேன். பெரியவர் நியாயம் கேட்டார், வீட்டுக்காரி மீட்பு கேட்டாள், அக்கா மகன் பலம் கேட்டான். கதைக்கு வெளியே நின்று ஆளுக்கொரு கதவைத் தட்டினார்கள். நானும் அப்படித்தான், நான் தட்டியது கோடுகளை.

நாலாவது ஆளைச் சொல்ல இத்தனை தூரம் வந்தேன்.

எங்கள் பட்டறையில் கலர் கலக்குகிற அண்ணன். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர். பதினோரு வயசில், வீட்டில் ஏதோ நடந்து, ஒத்தையாக பஸ் ஏறி மதுரை வந்து, அங்கிருந்து திருப்பூர் வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் சில மாசம். அப்புறம் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. தைக்கிற டைலருக்கு எதிரே உட்கார்ந்து பீஸை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. ராத்திரி கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் படுக்கை. “குளுருக்கு நல்லா இருக்குமுங்க” என்று ஒரு தரம் சொன்னார். பதிமூணு வயசில் எங்கப்பா பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியில் ஸ்கிரீன் துடைப்பார்.

நான் அப்போது ஆறாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பார். “டேய், தண்ணி கொண்டா” என்பேன். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986லேயே வந்துவிட்டது. பிள்ளைகளை வைக்கவே கூடாது என்று அதில் போட்ட தொழில் பட்டியலில் துணி அச்சடிப்பு, சாயம், நெசவு மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன. எங்கப்பா நல்ல மனுசன் என்று ஊரில் பேர். தீபாவளிக்கு அந்தப் பையனுக்கும் எனக்கும் ஒரே துணியில் சட்டை எடுப்பார். இரண்டும் உண்மைதான். என் ‘டேய்’ எந்த வருசம் ‘அண்ணா’ ஆனது என்று இந்த வாரம் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. டீ நேரத்தில் டேபிள் மேல் கிடந்த புத்தகத்தை எடுத்துப் படம் பார்க்க ஆரம்பித்தார். ஜப்பான்காரர்கள் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிப்பவர்கள். நமக்கு எது பின்னட்டையோ அது அவர்களுக்கு முன்னட்டை. இவர் நம் வழக்கப்படி பிரித்தார், கதையின் கடைசியில் போய் விழுந்தார். கடைசிப் பக்கங்களில் கடல் இருக்கிறது, பையன்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் வந்தார். அவர் படித்த கதையில் பையன்கள் கடலோரத்தில் சந்தோசமாக இருக்கிறார்கள், அப்புறம் பிரிகிறார்கள், அப்புறம் அடிதடி, கடைசியில் ஒரு பெரிய ஊரில் கம்பத்து மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

“நல்ல கதைங்க சின்னவரே. கடலோரத்துப் பசங்க. ஊருக்கு வந்து பொழச்சுக்கிட்டானுங்க.”

அக்கா மகன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

பிறகு ரெண்டு மூணு நாள் டீ நேரத்தில் இவன் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்ல, அவர் கேட்டார். வெள்ளையன் ஒரு இடத்தில் சொல்வான், கடவுள் தன்னை மனசுக்கு வேண்டிய திருகாணி பல இல்லாமல் செய்துவிட்டார், கருப்பனுக்கும் அப்படித்தான், ஆனால் கருப்பனிடம் இல்லாத திருகாணியெல்லாம் தன்னிடம் இருக்கிறது என்று. கதையில் எல்லாரும் கொண்டாடுகிற இடம் அது. இவன் குரல் தழுதழுக்கச் சொன்னான். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, “கருப்பு பனியன்ல ஒயிட் அடிக்காம எந்தக் கலர் தம்பி நிக்கும்?” என்றார். கருப்புத் துணியில் மஞ்சளோ சிவப்போ நேராக அடித்தால் துணி குடித்துவிடும், கலர் மங்கிப்போகும். முதலில் அடியில் ஒரு கோட் வெள்ளை கொடுத்து, காயவிட்டு, அதன் மேல்தான் மற்ற கலர். பட்டறைக்கு வந்த முதல் வாரத்தில் யாரும் படிக்கிற பாடம். ஒரு மணி நேரம் இட்டாச்சி பற்றிப் பேசினவன் வாயடைத்துப் போனான்.

கதையின் ஆரம்பத்தில் வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் ஊரைப் பிடிக்க வருவார்கள். கருப்பன் அவர்களை அடித்து விரட்டுவான். அவனுக்கு அது தன் ஊர். சொந்தமாக ஒரு கதவு கிடையாது, ஒரு சாவி கிடையாது, ஊர் மட்டும் அவனுடையது. “இது என் ஊரு” என்று அக்கா மகன் வீரமாகச் சொல்லிக் காட்டினான்.

“என் ஊருன்னு சொன்னா நல்லால்ல தம்பி. ‘என்ற ஊரு’ன்னு சொல்லுங்க. அப்பத்தான் அடிக்கிறவன் சொல்ற மாதிரி இருக்குது.”

எல்லாரும் சிரித்தோம். ராமநாதபுரத்துக்காரர் வாயில் ‘என்ற ஊரு’ அப்படி உருண்டு விழுந்தது. எங்கப்பா சொல்கிற மாதிரியே இருந்தது. முப்பத்தைந்து வருசத்தில் அவர் பேச்சில் கடலோரம் மிச்சமில்லை.

சிரித்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கள் பகுதிக் கோயில் நோம்பி. பூச்சாட்டி, ஊர்க் குடும்பங்களுக்குப் போடுகிற தலைக்கட்டு வரி வசூல் நடந்தது. இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தானாகவே போய் வரிப் பணத்தை வைத்திருக்கிறார். மேசையில் ரசீதுப் புத்தகம் ரெண்டு இருக்கும். வரிக்கு மஞ்சள், நன்கொடைக்கு ரோஸ்.

“எனக்கு ரோஸ் குடுத்தாங்க சின்னவரே. கலர் மாத்திக் குடுத்துட்டாங்க.”

அதையும் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் ரோஸ் புத்தகத்தை இழுத்தபோது நான் விசிறிக்கொண்டிருந்தேன், வெயில் என்று. பணத்தை வாங்கினோம், பெயரை எழுதினோம், திருநீறு கொடுத்தோம். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. “வந்தவங்க” என்கிற சொல்லைக்கூட எவரும் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊரே வந்தவர்களால் நிற்கிற ஊர். தேனி, மதுரை, சிவகங்கை என்று வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா என்று வருகிறார்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவு வந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களில் நிறையப் பேர் ரயில் ஏறினார்கள். எங்கள் பட்டறையில் அந்த வருசம் தங்கியவர் இவர் ஒருவர்தான். “நான் எங்கீங்க போறது” என்றார். ஆறு மாசம் பாதிச் சம்பளம். அதையும் நான் இந்தப் புத்தகத்தைப் படிக்கும் வரை விசுவாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் ஊரில் இருந்தார், அவ்வளவுதான் போலிருக்கிறது.

விரல் ரேகைக்கு வருகிறேன். அது விழுந்த பக்கத்தில் சண்டை கிடையாது, ரத்தம் கிடையாது. கருப்பன் வெள்ளையனுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற படம். அக்கா மகன் அதைத் தாண்டிப் போய்விட்டான், எனக்கும் அந்தப் பக்கம் இருந்ததே நினைவில்லை. ஆர்டர் வந்து பட்டறை மறுபடி ஓட ஆரம்பித்த நாள், மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் டேபிள் ஓரம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவியிருக்கவில்லை.

என்னங்க அண்ணா என்றேன்.

“பொத்தான் போடறான் பாருங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பஸ் ஸ்டாண்டுல என்ற கூடவும் ஒருத்தன் இருந்தானுங்க. சின்னப் பொடுசு. மேல் பொத்தான் மட்டும் அவனுக்குப் போட வராது.”

கம்ப்ரஸர் சத்தம் வந்தது. அவர் கலர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மட்சுமோட்டோவும் சின்ன வயசில் கொஞ்ச காலம் பெற்றவர்களை விட்டுக் காப்பகத்தில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் அம்மா பெயர் பெற்ற கவிஞர். அந்தக் காலத்தை வைத்து 2010க்குப் பிறகு ‘சன்னி’ என்று ஆறு பாகம் வரைந்திருக்கிறார். காப்பகத்து முற்றத்தில் ஓடாத ஒரு பழைய நிஸான் சன்னி கார் நிற்கும். பிள்ளைகள் அதற்குள் ஏறி உட்கார்ந்து எங்கெங்கேயோ போய் வருவார்கள். டெக்கோன் கின்க்ரீட்டைவிட எனக்கு அது பிடிக்கும் என்று தோன்றுகிறது. அடிதடி இல்லை, அம்மாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்தான். ஈரோட்டுப் பெரியவருக்கு நிச்சயம் பிடிக்காது.

அக்கா மகன் கோபத்தோடு கோபமாக ‘சன்னி’ முதல் பாகத்தை வாங்கி அனுப்பியிருக்கிறான். உறையிலேயே ‘கையைக் கழுவிட்டுத் தொடவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார், துண்டில் துடைத்தார், இன்னொரு தரம் கழுவினார். நகக் கண்ணில் நீலம் போகவில்லை. பிறகு டேபிளில் ஒரு வெள்ளைக் கட் பீஸை விரித்து அதன் மேல் புத்தகத்தை வைத்துப் பிரித்தார்.

இந்தத் தடவையும் நம்ம பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் யாரும் சொல்லவில்லை.